பாக்கியமேரி சொன்ன பதில்

உத்திரமேரூர்
18 ஜூன் 2023

ஷீபாவுக்கு நைனா எழுதுவது.

போன் போட்டால் உன் மூச்சுக் காற்றுதான் கேட்கிறது. என் பட்டன் போனில் நீ அனுப்பும் மெசேஜ் பாதி கட்டம் கட்டமாக வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாவதோடு நிறுத்தியவன் எழுத்து. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

டி.வி. மேல் துண்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். தர்மபுரியில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் விடுதிக் காப்பாளர் வேலை, தேட வேண்டாம் என்று. உன் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவள் போய் உன் பாட்டுப் பரிசுகளையெல்லாம் துடைத்து மறுபடி அலமாரியிலேயே வைத்தாள்.

மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போன பிறகு பிறந்தவள் நீ. பிறந்ததும் அழுத சத்தம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த எனக்குக் கேட்டது. இந்தக் குரல் உமக்குத்தான் ஆண்டவரே என்று அங்கேயே கொடுத்துவிட்டேன். ஊரான் நிலத்தில் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன் நான். என்னுடையது என்று நிமிர்ந்து சொல்ல எனக்கு இருந்தது உன் குரல் ஒன்றுதான்.

கழுத்துக் கட்டி நரம்போடு ஒட்டியிருந்தது, குரலா உயிரா என்று டாக்டர் கேட்டார். உயிர் என்றேன். போன குரலை ஆண்டவர் திருப்பித் தருவார் என்று நம்பித்தான் காஞ்சிபுரத்துச் சுகமளிக்கும் கூட்டத்துக்கு உன்னைக் கூட்டிப் போனேன். நீ மேடையிலிருந்து பாதியில் இறங்கி ஓடினாய். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். விசுவாசம் என்றால் நிற்பதுதான்.

நீ திரும்பி வரும்வரை உன் இடத்தில் யாரும் பாடக் கூடாது என்று சபையில் சொல்லிவிட்டேன்.

நைனா
டேனியல்


தர்மபுரி
2 ஜூலை 2023

நைனாவுக்கு,

என் இடத்தில் யாராவது பாடட்டும். பாடச் சொல்லுங்கள். காலி நாற்காலி ஒன்று எனக்காகக் காத்திருப்பதாக நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் மேடைக்குக் கீழே நின்றீர்கள். மேலே என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். கூட்டம் நடத்திய அந்த ஊழியர் மைக்கை என் வாயருகே வைத்து, "பாடு மகளே, இப்போதே பாடு" என்றார். டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஸ்பீக்கரில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. அவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "இந்தப் பிள்ளைக்குள் இன்னும் விசுவாசம் வரவில்லை" என்று கூட்டத்துக்குச் சொன்னார். நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் கைகூப்பி, ஆமென் என்றீர்கள்.

அதற்கப்புறம் எதற்காக நிற்க வேண்டும்?

இந்த வேலைக்கு நான் அழைப்பு, ஊழியம் என்று எதையும் நினைத்து வரவில்லை. பாடச் சொல்லாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. இங்கே என்னிடம் யாரும் "ஐயோ, எப்படிப் பாடுவே!" என்று உச்சுக் கொட்டுவதில்லை. நான் எதையோ இழந்தவள் என்பதே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த நிம்மதி போதும்.

ஆண்டவரோடு எனக்கு இப்போது பேச்சு இல்லை. அவரும் என்னிடம் பேசவில்லை. கொடுத்ததை எடுத்துக்கொண்டார், வேலை முடிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பாட்டில் காரம் குறைவு, மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

ஷீபா


உத்திரமேரூர்
20 ஆகஸ்ட் 2023

ஷீபா,

பார்சலில் அம்மா கொடுத்த மிளகாய்ப்பொடியும் கருவாடும் இருக்கிறது. கருவாட்டை விடுதியில் திறக்காதே.

ஆமென் சொன்னது உண்மைதான். உனக்கு எதிராகச் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து எது வந்தாலும் ஆமென் சொன்னால் நடந்துவிடும் என்று நினைத்துச் சொன்னேன்.

வேலை முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஆண்டவர் ஒருவரைப் படைத்துவிட்டு இருபத்தைந்து வயதில் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்புகிறவர் இல்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குக் காட்டவில்லை. காட்டாததால் ஒன்றும் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பிடிவாதக்காரன் என்று உனக்குத் தெரியும்.

நைனா


தர்மபுரி
12 நவம்பர் 2023

நைனாவுக்கு,

கருவாட்டைத் திறந்தேன். காது கேட்காத பிள்ளைகளுக்கு மூக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒரு துண்டு மிச்சமில்லை.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். எனக்கு இங்கே வேறு பேர்.

இங்கே ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பேர் உண்டு. நாமாக வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் பார்த்துக் கொடுப்பார்கள். ஆபரேஷன் தழும்பு தெரியாமல் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றித்தான் நான் இருப்பேன் அல்லவா? ஒருநாள் துணி துவைக்கும்போது நழுவிவிட்டது. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் ஹேமாவதி, நான்காம் வகுப்பு, அதைப் பார்த்தாள். இரண்டு விரலைத் தன் கழுத்தில் வைத்துக் குறுக்கே இழுத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவுதான், பேர் வைத்தாயிற்று. முதலில் எனக்கு அழுகை வந்தது. பிறகு பார்த்தால், அவர்கள் கேலியும் செய்யவில்லை, பரிதாபமும் படவில்லை. அது என் அடையாளம், அவ்வளவே. இப்போது துப்பட்டாவைத் தோளில்தான் போடுகிறேன்.

பரிமளா டீச்சர் என்று ஒருவர். பிறவியிலேயே காது கேட்காதவர். தினமும் எனக்குச் சைகை மொழி கற்றுத் தருகிறார். நான் தப்பாகச் செய்தால் மேசையைத் தட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். செத்து நாலு நாள் ஆனவனை இயேசு கல்லறையிலிருந்து கூப்பிட்ட கதையைக் கையால் சொன்னேன். ஹேமாவதி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். "செத்தவனுக்குக் காது கேட்காதே. அப்புறம் எப்படி வந்தான்?" நான் கையைத் தூக்குவதற்குள் அவளே சொன்னாள்: "இயேசுவும் கையால் கூப்பிட்டிருப்பார்."

சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை இப்படிப் பிடித்து உலுக்கியதில்லை.

அன்றிலிருந்து ஒருத்தி ஞாபகம் விடவில்லை. நம் சபையில் கடைசிப் பாயில் உட்காருவாளே, காது கேட்காதவள், ஊர் முழுக்க ஊமச்சி என்று கூப்பிடும் பாக்கியமேரி. நான் பாடிய வருஷமெல்லாம் அவள் ஒரு வாரம் தவறாமல் வந்தாள். என் பாட்டில் ஒரு எழுத்துகூட அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. எதற்காக வந்தாள் நைனா? நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. நீங்கள் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

ஷீபா


உத்திரமேரூர்
7 ஜனவரி 2024

ஷீபாவுக்கு,

நீ எழுதியபடி பார்த்தேன். பார்த்தது வம்பாகப் போய்விட்டது.

புது வருஷ ஆராதனையில் நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். பாக்கியமேரியும் எழுந்தாள். கமிட்டிச் செயலாளர் பெஞ்சமின் அவள் தோளைத் தொட்டு, உட்காரு என்று கையைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். இது இன்று நேற்று நடப்பதில்லை. பேராயர் தலையில் கைவைத்துத் தரும் திடப்படுத்தலை வாங்காதவர்களுக்கு அப்பமும் இரசமும் கிடையாது. திடப்படுத்தலுக்கு வாயால் வாக்குக் கொடுக்க வேண்டும். அவளுக்குப் பேச்சு வராது. அதனால் இந்த முப்பது வயது வரைக்கும் பந்தி நடக்கும்போது உட்கார்ந்தே இருக்கிறாள்.

அன்றைக்குத்தான் அவள் அம்மா சிட்டம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நாற்று நடுகிற பெண், சத்தமாகப் பேசியே நான் பார்த்ததில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று கேட்டாள். "எம் பொண்ணுக்கு வாய் இல்லன்னா ஆத்துமாவும் இல்லியா? இன்னாய்யா நியாயம் இது? வாரம் தவறாம வந்துக்கினு கீறாளே, வூட்டுக்கு வந்த ஆளுக்கு சோறு போடாம அனுப்புவீங்களா?"

பெஞ்சமின், "சட்டம் அப்டி கீது சிட்டம்மா, நான் இன்னா பண்றது? அவகிட்ட யாரு கேள்வி கேக்கறது, யாரு பதில் சொல்றது?" என்றான்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "எம் பொண்ணுக்குத் தெரியும். எம் பொண்ணு வந்து கேப்பா, அவ பதில் சொல்லுவா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சபை ஆயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வருஷம் பேராயர் திடப்படுத்தலுக்கு வருகிறார், அதற்குள் முடிந்தால் நான் தடுக்க மாட்டேன் என்றார்.

இப்போது நீதான் சொல்ல வேண்டும். பாட வா என்று கூப்பிடவில்லை.

நைனா


தர்மபுரி
21 ஜனவரி 2024

நைனாவுக்கு,

பிறந்த அன்றைக்கு என்னைக் கேட்காமல் கொடுத்தீர்கள். இப்போது மறுபடியும் என்னைக் கேட்காமல் கொடுத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

பாக்கியமேரிக்குச் சைகை மொழி தெரியாது. அவளும் அவள் அம்மாவும் பேசிக்கொள்வது அவர்கள் வீட்டுக்குள் உண்டான நாலைந்து கையசைப்பு. அதை வைத்து வாக்குத்தத்தம் எப்படிப் புரிய வைப்பது? ஆம் என்று தலையாட்டச் சொல்லிப் பழக்கினால் அது கிளிப்பிள்ளை வேலை. அதற்கு நான் வர மாட்டேன். அவளுக்கு ஒரு மொழி வேண்டும். அது ஒரு நாளில் வராது.

மே மாத விடுமுறைக்கு வருகிறேன். பரிமளா டீச்சரும் வருகிறார், நான் கேட்டேன். நம் வீட்டில்தான் வகுப்பு. கோயிலில் வேண்டாம். நீங்களும் அம்மாவும் சிட்டம்மாளும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போன மறுநாளே அவள் மறுபடி ஊமச்சியாகிவிடுவாள். அந்த வார்த்தையை இனி நம் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. யாரும் என்னைச் சபை முன் நின்று சாட்சி சொல்லக் கூப்பிடக் கூடாது. மைக் கூடவே கூடாது.

சம்மதமா?

ஷீபா


உத்திரமேரூர்
28 ஜனவரி 2024

சம்மதம்.

நைனா


உத்திரமேரூர்
14 ஜூலை 2024

ஷீபாவுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறின பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நீ இருந்தபோதும் சத்தம் இல்லைதான், ஆனால் அது வேற மாதிரி.

பாக்கியமேரி வேலை முடிந்து தினமும் வருகிறாள். உன் அம்மா என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து என் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. நேற்று ஜெபம் என்று காட்ட நினைத்து வேறு எதையோ காட்டிவிட்டேன் போலிருக்கிறது. பாக்கியமேரி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து வளைத்துச் சரியாக வைத்தாள்.

நீ கடைசியில் சொல்லிக் கொடுத்தாயே, உள்ளங்கையில் விரலால் தொட்டு, ஆணி அடித்த இடம், அதுதான் இயேசு என்று. அதைக் காட்டினால் அவள் முகம் மாறிவிடுகிறது. கோயில் சுவரிலிருக்கும் சிலுவைப் படத்தை எனக்குக் காட்டி, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

பெஞ்சமின் கமிட்டியில் பேச்சை எடுத்தான். "கைய ஆட்டிக்கினு கீறதெல்லாம் ஜெபமா?" என்றான். "நீ கண்ண மூடிக்கினு குறட்ட வுடறது ஜெபம்னா, இதுவும் ஜெபந்தான்" என்றேன். ஆயரே சிரித்துவிட்டார். மறுநாள் நம் வீட்டுக்கு வந்து பாக்கியமேரி பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பேரைக் கையால் கேட்கக் கற்றுக்கொண்டு போனார். பிப்ரவரியில் பேராயர் வருகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். ஆண்டவரோடு பேச்சு இல்லை என்று எழுதினாயே. இன்னும் அப்படித்தானா?

நைனா


தர்மபுரி
11 ஆகஸ்ட் 2024

நைனாவுக்கு,

ஜெபத்துக்குப் பதிலாக நீங்கள் காட்டியது புரோட்டா பிசைவது. அம்மா சொல்லிப் பரிமளா டீச்சர் வரைக்கும் செய்தி வந்துவிட்டது.

கேட்டதற்குப் பதில்: பேச்சு வந்துவிட்டது. பிள்ளைகள் தூங்கும் முன் ஜெபம் செய்ய வைப்பது என் வேலை. அவர்களுக்காகக் கையைத் தூக்கித் தூக்கி, ஒருநாள் அது என் ஜெபமும் ஆகிவிட்டது. எப்போது என்று தெரியவில்லை.

பிப்ரவரிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஷீபா


தர்மபுரி
3 பிப்ரவரி 2025

நைனாவுக்கு,

பள்ளி அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குப் போன் வந்திருக்கும். விடுதியில் அம்மை. ஹேமாவதிக்கு வந்து, இன்னும் சில பிள்ளைகளுக்கு வந்து, இப்போது எனக்கும். யாரும் வெளியே போகக் கூடாது. பரிமளா டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், அவரையும் அனுப்ப முடியாது.

திடப்படுத்தல் அன்று என்னால் வர முடியாது நைனா.

படுத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லாதீர்கள். தள்ளினால் இன்னும் எத்தனை வருஷமோ. என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பேராயர் கேட்பதை நீங்கள் அவளுக்குக் கையால் சொல்லுங்கள், அவள் சொல்வதை வாயால் சொல்லுங்கள். உங்கள் விரல் மடங்காவிட்டாலும் அவளுக்குப் புரியும். கையால் பேசும் மொழியில் அவள் உங்களுக்கு மூத்தவள்.

ஒன்றே ஒன்று. அவள் எதைச் சொல்கிறாளோ அதை மட்டும் சொல்லுங்கள். நீங்களாக அழகாக்க வேண்டாம்.

ஷீபா


உத்திரமேரூர்
17 பிப்ரவரி 2025

ஷீபாவுக்கு,

அம்மை இறங்கிவிட்டதா? வேப்பிலை போட்டுக் குளிக்கச் சொல்லி அம்மா பத்துத் தடவை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

கோயில் நிறைந்து வாசல் வரைக்கும் ஜனம். பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுப்பில் முன்வரிசை. அவர்கள் நடுவில் பாக்கியமேரி, உன் அம்மா எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சேலையில். நான் அவளுக்கு எதிரில், பேராயருக்குப் பக்கத்தில் நின்றேன். மடங்காத விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டேன்.

மற்ற பிள்ளைகள் ஒன்றாகப் பதில் சொல்லி முடித்தார்கள். பிறகு பேராயர் அவளைத் தனியாகக் கேட்டார். உன் இரட்சகராக இயேசுவை ஏற்றுக்கொண்டு, சாகும்வரை அவரைப் பின்பற்றுவாயா என்று. நான் கையால் கேட்டேன். உள்ளங்கையைத் தொட்டேன். அவருக்குப் பின்னால் நடப்பாயா என்று காட்டினேன்.

நாம் பழகினபடி, ஆம், ஆண்டவர் துணையோடு நடப்பேன் என்று அவள் காட்ட வேண்டும். காட்டினாள். நான் சத்தமாகச் சொன்னேன். அதோடு முடிந்தது என்று பேராயர் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தவில்லை. அவரைப் பார்த்து, பொறுங்கள் என்று கைகாட்டினாள். பேராயரையே!

காதைத் தொட்டு இல்லை என்றாள். திரும்பி, பெஞ்சமின், ஆயர், நான், பாயில் இருந்தவர்கள் எல்லோரையும் சுற்றிக் காட்டினாள். கண்ணைத் தொட்டாள். உள்ளங்கையைத் தொட்டாள். பீடத்தின் மேலிருந்த அப்பத்தைக் காட்டினாள். கடைசியாகத் தன் வயிற்றில் கை வைத்தாள்.

பேராயர் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார். நீ எழுதியது ஞாபகம் வந்தது. அழகாக்கவில்லை. என் பேச்சில் அப்படியே சொன்னேன்.

"எனக்கு யாரும் சொல்லல. நீங்க யாரும் சொல்லல. நானே பாத்தேன். இவரு எல்லாருக்கும் சோறு குடுக்கறவருன்னு பாத்துக்கினேன். எனக்கும் பசிக்குது."

மைக் இல்லாமல்தான் சொன்னேன். வாசல் வரைக்கும் கேட்டதாம்.

பேராயர் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையையும் அவள் தலையில் வைத்தார். மற்றவர்களுக்கு வைத்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தார். பந்திக்கு அழைத்தபோது அவள் எழுந்தாள். பீடத்துக் கம்பி முன் முழங்காலில் இருந்த பெஞ்சமின் நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான். சிட்டம்மாள் தரையில் நெற்றி வைத்து அழுதாள்.

ஆராதனை முடிந்து பேராயர் என்னிடம், "இதை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார். "எம் பொண்ணு கத்துக் குடுத்தா. தர்மபுரில கீறா. அம்மை போட்டுக் கீது, இல்லன்னா அவதான் இங்க நின்னிருப்பா" என்றேன். என் சட்டை பட்டன் தெறித்துவிடும் போல இருந்தது ஷீபா. நீ பாடின நாளெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறேன். நேற்றுப் பட்டது அதைவிடப் பெரியது. அதில் என் பிடிவாதத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று உன் அம்மா சொல்கிறாள். நான் மறுக்கவில்லை.

நைனா


தர்மபுரி
2 மார்ச் 2025

நைனாவுக்கு,

இறங்கிவிட்டது. முகத்தில் நாலு வடு. பிள்ளைகள் எனக்குப் பேரை மாற்றலாமா என்று யோசித்து, பழையதே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துப் பரிமளா டீச்சரிடம் கொடுத்தேன். அவர் படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு பிள்ளைகளுக்குக் கையால் முழுவதையும் சொன்னேன். ஹேமாவதி, "அவளுக்கு ரொட்டி கொடுத்தார்களா?" என்று கேட்டாள். கொடுத்தார்கள் என்றேன். "பெரிய துண்டா?" என்றாள். சின்னது என்றேன். அது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நைனா, உங்களை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத வரவில்லை. நெல் அறுக்கும் கை அது. அந்தக் கையை நம்பி ஒருத்தி தன் ஆத்துமாவைப் பேசியிருக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பாக்கியமேரிக்காகத்தான் ஆண்டவர் என் குரலை எடுத்தார் என்று சபையில் யாராவது சாட்சி சொன்னால், தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருத்திக்குக் கொடுக்க இன்னொருத்தியிடம் பிடுங்குகிறவர் இல்லை அவர். குரல் ஏன் போனது என்று எனக்கு இன்னும் தெரியாது. குரல் போன பிறகும் அவர் என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை, அது தெரியும். அவர் திட்டம் முழுவதும் தெரிய வேண்டும் என்ற அவசரம் இப்போது எனக்கு இல்லை.

பள்ளியில் என்னைச் சென்னைக்கு மொழிபெயர்ப்பாளர் படிப்புக்கு அனுப்புகிறார்கள். ஜூனில் சேர்கிறேன். அங்கிருந்து நம் ஊர் பக்கம்தான். சிட்டம்மாள் விசாரித்து அம்மாவிடம் சொன்னாராமே, ராஜகுளத்தில் காது கேட்காத அண்ணன் தங்கை, ஏனாத்தூர் பக்கம் ஒரு பையன் என்று. மாதம் ஒரு ஞாயிறு வருகிறேன். அவர்களையெல்லாம் நம் வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். நடத்துவது பாக்கியமேரி, நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

இன்று காலை ஒன்றைக் கவனித்தேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து, கோபமாக இருந்த நாட்களில்கூட, குரலைத் திருப்பித் தாரும் என்று மனதுக்குள் கேட்காமல் நான் தூங்கியதில்லை. அதைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. வேண்டாம் என்று விடவில்லை. கேட்க மறந்துபோயிருக்கிறேன்.

ஞாயிறு வகுப்பு தொடங்கப் போகிறது என்று அறையில் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். இங்கே அதுதான் மணி. போகிறேன்.

உங்கள்
ஷீபா